பிசாசுப் படத்தில் வண்டு போட்ட ஓட்டை

பழைய ஐரோப்பியப் புத்தகங்களில் வரும் பிசாசு, சூனியக்காரி படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த வாசகர் ஒருவர், "கறுப்புக் கோடுகளுக்கு நடுவே உருண்டை உருண்டையாக வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவே, ஏதாவது மந்திரக் குறியா?" என்று கேட்டிருந்தார். அந்தப் புள்ளிகளைப் போட்டது ஒரு வண்டு. அது எந்த வண்டு என்றுகூடப் புள்ளியின் அளவை வைத்துச் சொல்லிவிடலாம்.

முதலில் படம் அச்சான விதம். பேரி, செர்ரி போன்ற மரப் பலகையில் படத்தை வரைந்து, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களைக் கத்தியால் செதுக்கி எடுப்பார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மட்டும் மை ஒட்டும், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. இப்படிச் செதுக்கிய கட்டையின் உயரம் ஈய அச்செழுத்தின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் படமும் எழுத்தும் ஒரே அழுத்தில் தாளில் விழும். அதனால் படம் போடுவது மலிவானது.

மலிவானதன் விளைவு சாதாரணமானதல்ல. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரத்துச் சட்ட அறிஞர் உல்ரிக் மோலிட்டர் 1489-இல் சூனியக்காரிகளைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். இரண்டு பெண்கள் தீயில் கொதிக்கும் பானைக்குள் ஒரு சேவலையும் ஒரு பாம்பையும் போடுகிறார்கள், மேலே ஆலங்கட்டி மழை கொட்டுகிறது: அந்த நூலின் புகழ்பெற்ற படம் இது. மோலிட்டர் எழுதியதோ வேறு. மழையை வரவழைக்கும் சக்தி அந்தப் பெண்களுக்குக் கிடையாது, அதெல்லாம் பிசாசு காட்டும் மாயை என்றார். ஆனாலும் கடவுளைக் கைவிட்ட குற்றத்துக்காக அவர்களைத் தண்டிக்க வேண்டும் என்றார். லத்தீன் தெரியாதவர் கண்ணில் பட்டது படம் மட்டுமே. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் சூனியக் குற்றச்சாட்டில் ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. பெரும்பாலானோர் பெண்கள். இந்தப் படங்களுக்கு அதில் பங்கில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இனி வண்டுக்கு வருவோம். செதுக்கிய கட்டையை யாரும் தூக்கி எறிவதில்லை. 1493-இல் நியூரம்பெர்க்கில் வெளிவந்த உலக வரலாற்று நூலில் 1,809 படங்கள், கட்டைகளோ 645தான். சூனியக்காரியைப் பிசாசு குதிரையில் தூக்கிக்கொண்டு போகும் படமும் அதில் உண்டு. இப்படி ஒரே கட்டை பல பக்கங்களுக்கும் பல நூல்களுக்கும் உழைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சுக்கூடத்து அலமாரியில் கிடந்தது. அங்கேதான் பெண் வண்டு வந்து கட்டையின் விரிசலில் முட்டையிடும்.

முட்டையிலிருந்து வரும் புழு மரத்துக்குள்ளேயே மூன்று நான்கு ஆண்டுகள் குடைந்து தின்று வளரும். வெளியே இருந்து பார்த்தால் கட்டை பழுதில்லாமல்தான் தெரியும். பிறகு மேற்பரப்புக்கு அருகில் வந்து கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஒரே ஒரு வேலைக்காக மரத்தைக் கடிக்கும்: வெளியே போக. வளர்ந்த வண்டு எதையும் தின்பதில்லை. தன் உடல் நுழையும் அளவுக்கு மட்டும் வட்டமாகத் துளைக்கும். அந்தத் துளை பிசாசின் கொம்பாக நின்ற மேட்டில் விழுந்தால் அடுத்த பதிப்பில் கொம்பு நடுவே அறுந்திருக்கும். துளையின் விட்டம் வண்டு உடலின் அகலம். ஆக, உயிரினம் தன் அளவைத் தானே பதித்துவிட்டுப் போயிருக்கிறது, அதுவும் ஊரும் ஆண்டும் அச்சிட்ட புத்தகத்தில்! இதைவிடத் துல்லியமாக நாளிட்ட தடயம் ஒரு பூச்சியியலாளருக்கு எங்கே கிடைக்கும்?

இதைக் கவனித்தவர் பிளேர் ஹெட்ஜஸ். உலகின் மிகச் சிறிய பாம்புகளில் ஒன்றை பார்படாஸ் தீவில் அடையாளம் கண்ட பரிணாம உயிரியலாளர். 1462 முதல் 1899 வரை அச்சான 473 படங்களை எடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துளைகளை அளந்தார். 2013-இல் முடிவு வெளியானது. வட ஐரோப்பாவில் அச்சானவற்றில் துளைகள் சுமார் 1.4 மில்லிமீட்டர், தெற்கில் 2.3. சிறியது சாதாரண மரச்சாமான் வண்டின் வேலை, பெரியது மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த அதன் உறவினருடையது. இரண்டின் எல்லைகளும் கண்டத்தின் குறுக்கே அடுத்தடுத்து ஓடின, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. இன்று மரச்சாமான்கள் எங்கும் ஏற்றுமதியாகி இரண்டு வண்டுகளும் கலந்துவிட்டன. இன்றைய பரவலை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பழைய கோடு தெரியவே தெரியாது.

பாம்பும் பல்லியும் ஆராய்பவர் பழைய அச்சுப் படங்களைப் புரட்டுகிறேன் என்று நிதி கேட்டால் நம் குழுக்கள் கொடுக்குமா? "சமூகப் பயன்" என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதுவார்? விடை தெரிந்த கேள்விக்கு மட்டும் காசு கொடுப்பது ஆராய்ச்சிக்கான நிதியே அல்ல என்பது என் உறுதியான கருத்து. வண்டுத் துளை இப்போது கலை வரலாற்றுக்கும் உதவுகிறது. ஒரே கட்டையில் எடுத்த இரண்டு பிரதிகளில் துளை குறைவாக உள்ளது முந்தியது. ஆண்டு இல்லாத தாள்களை வரிசைப்படுத்த இது போதும். துளையின் அளவு, கட்டை வடக்கே கிடந்ததா தெற்கே கிடந்ததா என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால் ஒரு எச்சரிக்கை. புத்தகத்தைத் தின்னும் பூச்சியும் உண்டு. அது தாளையே துளைத்திருக்கும். ஓட்டை வழியே அடுத்த பக்கம் தெரியும், எழுத்தும் சேர்ந்தே போயிருக்கும். கட்டையில் விழுந்த துளை என்றால் தாள் முழுசாக இருக்கும், மை மட்டும் இருக்காது. ஐயமிருந்தால் அதே பதிப்பின் இன்னொரு பிரதியை வேறொரு நூலகத்தின் இணையதளத்தில் திறந்து பாருங்கள். அதே கோட்டில் அதே இடத்தில் புள்ளி இருந்தால் அது கட்டையில் இருந்த வண்டுதான்.