பாட்டுக்கு முன்னால் புழு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் வீடுகளின் பின்புறத்தில் கறிவேப்பிலை, துளசி, மிளகாய்ச் செடி எல்லாம் இருக்கும். தரையைப் பளிச்சென்று பெருக்கி வைத்திருப்போம். பறவைகளுக்கென்று ரொட்டித் துண்டும் சோறும் வைப்பவர்கள் பலர். அதற்கு முதலில் ஓடி வருவது மைனாதான். 1902-ல் டர்பனில் கூண்டிலிருந்து தப்பிய மைனாக்களின் வழிவந்தவை இவை. இந்த மண்ணின் பாட்டுக்காரப் பறவைகளுக்கு வேண்டியது வேறு.

வளர்ந்த பறவை பழம், தேன், தானியம் என்று சமாளித்துக்கொள்ளும். குஞ்சுக்கு அது போதாது. இரண்டே வாரத்தில் உடம்பும் சிறகும் வளரப் புரதம் வேண்டும். அதனால் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான் ஊட்டுகிறது. அமெரிக்காவில் கரோலினா சிக்கடி என்ற சின்னப் பறவையைக் கவனித்தவர்கள், ஒரு ஈட்டுக் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறப்பதற்குள் 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை தேவைப்படுவதாகக் கணக்கிட்டார்கள்.

அவ்வளவு புழுவுக்கு எங்கே போவது? உள்ளூர் மரத்துக்குத்தான். இலைகள் தம்மைக் காத்துக்கொள்ளக் கசப்பும் நஞ்சும் சேர்த்து வைக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அதே செடியோடு வாழ்ந்த பூச்சிகளுக்கே அதைச் செரிக்கத் தெரியும். வெளியூர் அலங்காரச் செடியில் பெரும்பாலும் ஓட்டை விழாது. அழகாக நிற்கும், பறவைக்குச் சாப்பாடு அதிகம் இருக்காது. இலையில் ஓட்டை விழுந்தால் சந்தோஷப்படுங்கள், மருந்து அடிக்காதீர்கள்.

அப்புறம் தேன். டர்பனில் மழை குறைந்த குளிர்காலத்தில் பூச்சிகளும் குறையும். சிவப்பும் ஆரஞ்சுமாய்க் கற்றாழை பூப்பது அப்போதுதான். நம் கல்யாண முருங்கையின் உறவான கோரல் மரமும் குளிர்காலக் கடைசியில் பூக்கத் தொடங்கும். தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, பறவைக்கு நன்றாகத் தெரியும். வாசனை வீணாக்காமல் நிறத்தாலேயே அழைக்கின்றன இந்தப் பூக்கள். தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும். கற்றாழையின் தடித்த பூந்தண்டு அதற்கு நல்ல இருக்கை. பழத்துக்கு நம் நாவலின் இனமான உம்டோனி இருக்கிறது, இடம் இருந்தால் வைக்கலாம், மரம் பெரிதாகும்.

எனக்கு முக்கியமாகப் படுவது சருகு. ராபின்-சாட் பறவை உதிர்ந்த இலையைப் புரட்டிப் புரட்டி அடியிலுள்ள புழுபூச்சியைத் தின்னும். மற்ற பறவைகளின் குரலை அச்சாகப் பாடிக்காட்டும் அந்தச் செந்தலைப் பறவை, பெருக்கிய தரையில் என்ன செய்யும்? வாசலைப் பெருக்குங்கள், கோலம் போடுங்கள். பின்பக்கம் புதர் ஓரமாக ஒரு மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வைத்தால் குளிக்கவும் வரும்.

உண்ணிச்செடி இருந்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். அதன் பழத்தைப் பறவைகள் விரும்பித் தின்னும் என்பதே சிக்கல்; விதை காடெல்லாம் பரவி உள்ளூர்ச் செடிகளை அமுக்கிவிடுகிறது.

இன்னொன்று. தீபாவளிக்கு நாம் ஒட்டடை அடிக்கும் அக்டோபர், நவம்பர் இங்கே தேன்சிட்டு கூடு கட்டும் பருவம். புல்லையும் நாரையும் சேர்த்துப் பிணைக்க அது எடுப்பது சிலந்தி நூலைத்தான். வீட்டுக்குள் அடியுங்கள். வேலியிலும் கொல்லைச் சுவரிலும் இருப்பதைத் தை மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.