செடிக்கு உயிரணுக் குறைபாடு வருமா?

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகைக்குச் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். எல்லாம் எட்டு, ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் ஒரு பெண் போனில் அறிவியல் காணொளி ஒன்றை ஓடவிட்டாள். “தாவர உயிரணுவுக்கு உயிரணுச் சுவர் உண்டு, விலங்கு உயிரணுவுக்கு இல்லை” என்று கணீரென்று ஒரு குரல். பின்வரிசைப் பையன்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். என்னடா சிரிப்பு என்று அதட்டினேன். எல்லாத் தலையும் குனிந்துகொண்டது. கடைசியில் அந்தப் பெண்தான் கேட்டாள்: “சார், செடிக்குக்கூட உயிரணு கொறைபாடு வருமா சார்?”

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறுகிற பிள்ளை அது. மின்சார ரயிலின் கதவோரத்தில், ஸ்டேஷன் மதில்சுவரில், மூத்திரச்சந்துத் திருப்பத்தில் அவள் தினமும் படிக்கிற வாசகம் ‘உயிரணுக் குறைபாடா? கவலை வேண்டாம்’. வடசென்னையில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் உயிரணு என்றால் ஆண்களுக்குக் குறைகிற ஒரு சமாச்சாரம். அகராதி என்ன சொன்னாலும் சுவரொட்டிதான் இங்கே பாடநூல்.

ஆங்கில ‘செல்’லுக்குத் தமிழ் என்று சொல்கிற இந்த உயிரணுவை எத்தனையோ முறை கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து, மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே விரல் தேய்ந்தவன். இந்த ஒரு சொல்லைப் பற்றியாவது நாலு வார்த்தை எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சொல் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1665இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு ‘செல்’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் ‘செல்லா’ என்றால் சிற்றறை. மடத்துத் துறவி படுத்துக்கொள்கிற அறைக்கும் அதே பெயர். தாவரம் முழுக்க இவற்றால் ஆனது என்று ஜெர்மன் அறிஞர் ஷ்லைடன் 1838இலும், விலங்கும் அப்படித்தான் என்று ஷ்வான் 1839இலும் சொன்னார்கள். ஒரு செல்லிலிருந்துதான் இன்னொரு செல் வரும் என்பதை 1855இல் விர்ச்சோ நிலைநாட்டினார். அவ்வளவுதான். மீதியெல்லாம் நம் ஊர்ச் சண்டை.

உயிரணுவுக்கு வருவோம். இதை ஆதரிக்கிறவர்கள் பெரும்பாலும் தூய தமிழ் பேசுகிறவர்கள். ‘செல்’ ஆங்கிலம், ஆகவே கூடாது என்பது அவர்கள் கட்சி. சரி, ‘அணு’ எங்கிருந்து வந்தது? வடமொழியிலிருந்து. முன்வாசல் வழியாக வந்த ஆங்கிலத்தைத் துரத்திவிட்டுப் பின்வாசல் வழியாகச் சமஸ்கிருதத்துக்கு இலை போடுவதற்குப் பெயர் தூய்மையா? எனக்கு வடசொல் மேல் வழக்கு ஒன்றும் இல்லை. தூய்மை பேசுகிறவர் கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்பதுதான்.

அதைவிடப் பெரிய குற்றம், சொல் பொருளைக் கவிழ்த்துவிடுவது. ஒன்பதாம் வகுப்பு வேதியியலில் ‘அணு அமைப்பு’ என்று ஒரு பாடமே இருக்கிறது. அங்கே அணு என்றால் அணுக்கருவும் எலக்ட்ரானும். அணுகுண்டு, அணுமின் நிலையம் எல்லாம் அந்த அணு. அதே பையன் அடுத்த பீரியடில் உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் ‘உயிரணு’ என்று ஒருவர் சொல்லித்தருகிறார். அவன் என்ன நினைப்பான்? உயிருள்ள அணு ஒன்று இருக்கிறது, உயிரில்லாத அணு ஒன்று இருக்கிறது என்றுதானே? நினைத்தே விட்டார்கள். ஒரு பையன் விடைத்தாளில் ‘உயிரணுவில் புரோட்டான், நியூட்ரான் உள்ளன’ என்று எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். அவனை அடிக்க எனக்குக் கை வரவில்லை. உண்மையில் ஒரு மனித செல்லுக்குள் இருக்கிற அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 100 லட்சம் கோடி என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனை அணுக்களைக் கொள்ளும் ஒன்றையே அணு என்று கூப்பிடுவது, நெல் மூட்டைக்கு நெல்மணி என்று பெயர் வைப்பது மாதிரி.

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். அணு என்றால் தமிழில் மிகச் சிறியது என்றுதான் பொருள், ‘அவனன்றி ஓரணுவும் அசையாது’ என்கிறோமே, அங்கே என்ன எலக்ட்ரானா பேசுகிறோம் என்பார்கள். நியாயம்தான். பழைய பொருள் அதுவே. ஆனால் சிறியதாக இருப்பது செல்லின் இலக்கணமே இல்லை. காலையில் காசிமேட்டுக்குப் போய்ச் சினை மீன் வாங்கி வந்து அறுத்துப் பாருங்கள். அந்தச் சினையில் மணி மணியாகக் கண்ணுக்குத் தெரிகிறதே, முற்றிய சினையில் அந்த ஒவ்வொரு மணியும் ஒரே ஒரு செல். கோழிமுட்டையின் மஞ்சள் கருவும் ஒரு செல்தான், கரு தரிக்காத முட்டையாக இருந்தால். நம் முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்பு செல்லின் இழை ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் நீளும். மஞ்சள் கருவை ஸ்பூனில் எடுத்துக் காட்டி ‘இது ஓர் உயிரணு’ என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். சொல்லுகிற வாய்க்கே சிரிப்பு வரும்.

இன்னொரு பதில்: சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று மக்கள் வாயில் புழங்குகிறதே? டெங்கு வந்தால் ‘தட்டணு எவ்ளோ இருக்கு’ என்று வண்ணாரப்பேட்டைப் பாட்டிகூடக் கேட்கிறாளே? ஆமாம், கேட்கிறாள். அந்தச் சொற்களைப் பிடுங்க நான் வரவில்லை. ரத்தத்தில் மிதக்கிற பொடிப்பொடித் துணுக்கு என்ற அளவில் அங்கே அணு பொருந்திப்போகிறது. பார்க்கப்போனால் மனிதச் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. தட்டணு முழு செல்லும் இல்லை, பெரிய செல் ஒன்றிலிருந்து உதிர்ந்த துண்டு. விந்தணுவும் அப்படியே இருக்கட்டும். தனித்தனியாக மிதக்கிற, நீந்துகிற துணுக்குகளுக்கு அணு. ஆனால் இலையையும் எலும்பையும் செங்கல் செங்கலாகக் கட்டி எழுப்புகிற பொதுப் பொருளுக்கு அந்தச் சொல்லை இழுத்துவந்து போர்த்தினால் தலை மூடும், கால் தெரியும்.

அப்படியானால் ‘செல்’லே இருக்கட்டுமே என்பீர்கள். நம் பாடநூல் அதைத்தான் வைத்திருக்கிறது: தாவர செல், செல் சவ்வு, ஒரு செல் உயிரி. எனக்கு அதில் பாதிச் சம்மதம். குறைந்தபட்சம் அது பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் ‘செல்’லுக்கு எத்தனை வேலை இருக்கிறது தெரியுமா? டார்ச் லைட்டுக்கு ரெண்டு செல் வாங்கிவா என்றால் ஒன்று. ‘செல்லு எட்து வெச்சிட்டுப் படி’ என்றால் போன். புழல் பக்கம் உறவுக்காரர் யாராவது போய்வந்த வீட்டில் ‘செல்லுல போட்டுட்டாங்க’ என்றால் சிறைக் கொட்டடி. போதாக்குறைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு செல் உண்டு, கறையான். செல்லரித்த ஏடு என்கிறோமே. அப்புறம் ‘போ’ என்று பொருள் தரும் வினைச்சொல் வேறு.

வேடிக்கை என்னவென்றால், கறையானையும் வினைச்சொல்லையும் விட்டால் மற்ற எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சிறை அறை, பேட்டரி, போன் எல்லாம் அந்த லத்தீன் சிற்றறைதான். செல்போன் பெயர்கூட, ஊரைத் தேன்கூட்டு அறைகள் போலப் பிரித்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு கோபுரம் என்று வைத்ததால் வந்தது. ஆங்கிலத்தில் இந்த உறவு தெரிகிறது. தமிழில் ‘செல்’ என்று அப்படியே எழுதும்போது அந்த உறவு செத்துப்போய் வெறும் ஓசை மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளைக்கு அறையும் தெரியாது, தேன்கூடும் தெரியாது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த சொல்லை எடுக்கிறேன்: கலம். நான் கண்டுபிடித்தது இல்லை. இலங்கைப் பாடநூல்களில் வெகுகாலமாக இருக்கிறது. கலம், கலச்சுவர், கலப்பிரிவு என்று அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். கலம் என்றால் பாத்திரம். உள்ளே எதையாவது வைத்திருப்பது. உண்கலம், மட்கலம், கடலில் ஆளையும் சரக்கையும் வைத்துக்கொண்டு போகிற மரக்கலம். பன்னிரண்டு மரக்கால் கொள்கிற முகத்தலளவைக்கும் கலம் என்றே பெயர். புறநானூற்றிலேயே குயவரை ‘கலஞ்செய் கோவே’ என்று விளிக்கிற பாட்டு இருக்கிறது. அவ்வளவு பழைய சொல்.

இதை நாம் அந்நியம் என்று தள்ளவும் முடியாது. நம் இயற்பியல் புத்தகம் ஏற்கெனவே ‘மின்கலம்’ என்று எழுதிவைத்திருக்கிறது. சூரிய மின்கலம், எரிபொருள் மின்கலம். ஆக ஒரே வகுப்பில், ஒரே பிள்ளைக்கு, ஒரே ஆங்கிலச் சொல் இயற்பியலில் கலம், உயிரியலில் செல், காணொளியில் உயிரணு. ஒரு சொல்லுக்கு மூன்று வாடகைவீடு. மொழிபெயர்க்கிறவர்கள் பக்கத்து அறைக்காரர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்ப்பதே இல்லை. இப்போது இயந்திரம் வேறு மொழிபெயர்க்கிறது. பேருந்து ஒன்றைக் காட்டி ‘எரிபொருள் உயிரணு மூலம் இயங்குகிறது’ என்று ஒரு காணொளியின் அடியில் எழுத்து ஓடியது. அந்தப் பேருந்துக்கு மருந்து எழுதிக்கொடுக்க எந்தச் சுவரொட்டி டாக்டர் வருவாரோ.

கலத்தை விட நல்ல சொல் உண்டா என்றும் யோசித்துப் பார்த்தேன். சிலர் ‘கண்ணறை’ என்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் காசிமேட்டில் வலை பின்னுகிற ஒரு பெரியவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். வலையின் ஓட்டைக்கு அவர் ‘கண்ணு’ என்பார். “கண்ணு சின்னதாப் போச்சுன்னா குஞ்சு மீனெல்லாம் மாட்டிக்கும்ப்பா.” வலைக்கண்ணும் தேன்கூட்டுக் கண்ணும் ஹூக் பார்த்ததற்கு அப்படியே ஒத்துப்போகும். அழகான சொல்தான். ஆனால் கண்ணைப் பற்றிய பாடத்தில் கண்ணின் கண்ணறை என்று வந்து நிற்கும். அதைவிட முக்கியமாக, வலையின் கண் காலியானது. ஹூக் பார்த்ததும் காலி அறைகளைத்தான், ஏனென்றால் தக்கை செத்த பொருள். உள்ளே இருந்ததெல்லாம் காய்ந்துபோய்ச் சுவர் மட்டும் மிச்சம். காலி வீட்டைப் பார்த்துவிட்டு அவர் வைத்த பெயர் ‘அறை’. உயிருள்ள செல் காலியே இல்லை. உட்கரு, நீர்மம், புரதம் என்று விளிம்பு வரை ததும்புகிற பாத்திரம். அந்த வகையில் கலம் ஹூக்கின் சொல்லையே திருத்திவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ‘கலப்பிரிவு’ என்றால் பிள்ளை ‘கலப்பு’ என்று படித்துவிடும். அங்கே ‘கலம் பிரிதல்’ என்று விரித்து எழுதினால் போச்சு. ‘கலன்’ என்று எழுதி எரிவாயு சிலிண்டரோடு குழப்புவாரும் உண்டு.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. திசு என்று எழுதுகிறோமே, அது தமிழா? ‘டிஷ்யூ’வுக்கு வேட்டி கட்டிவிட்ட உருவம். அந்தச் சொல் பிரெஞ்சில் நெய்த துணியிலிருந்து வந்தது. இலங்கையில் அதைப் புரிந்துகொண்டு ‘இழையம்’ என்றார்கள். தறி ஓடிய ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டிய சொல் அது. ஒளிச்சேர்க்கை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கிறேன். அங்கே அவர்கள் ‘ஒளித்தொகுப்பு’ என்பதுதான் துல்லியம். ஒளியின் துணையில் கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரையைத் தொகுப்பது அல்லவா. நம் ‘சேர்க்கை’யைப் படித்தால் மகரந்தச்சேர்க்கையும் ‘மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது’ பேனரும் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனாலும் வேரூன்றிவிட்டது, தப்பாக எதையும் கற்பிக்கவில்லை, போகட்டும். ஆங்கிலத்திலும் 1893இல் சார்லஸ் பார்ன்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், இன்று வழங்கும் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ஸைவிட ‘ஃபோட்டோசின்டாக்ஸ்’ என்பதைத்தான் விரும்பினார். அவர் ஆசை நிறைவேறவில்லை.

அந்தப் பெண் கேள்வி கேட்ட மறுநாள் வெங்காயம் ஒன்றை உரித்து, உள்தோலை ஒரு சொட்டு அயோடினில் நனைத்துப் பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். “சார், செங்கல் சொவரு மாரி கீது சார்” என்றான் பின்வரிசை. அது கலம் என்றேன். உடனே அந்தப் பெண், “கலத்துக்குள்ள இன்னா சார் இருக்கு?” என்றாள். முப்பது வருடத்தில் ‘செல்’லுக்குள் என்ன என்று எந்தப் பிள்ளையும் தானாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பாத்திரம் என்றால்தான் கை தானாக மூடியைத் திறக்கிறது. நடுவில் மஞ்சளாகத் தெரிந்த உட்கருவைக் காட்டினேன். பச்சை எங்கே சார் என்றாள். வெங்காயம் மண்ணுக்குள் கிடக்கிறது, வெயில் கிடையாது, அதனால் இதில் பச்சை தருகிற பசுங்கணிகம் இல்லை என்றேன். அப்படியென்றால் வெங்காயத்தாளில் இருக்குமா என்று கேட்டாள். ஒரு கட்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

போர்டில் கலம் என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் சின்னதாகச் செல் என்றும் எழுதிவைத்தேன். பரீட்சையில் செல் என்றே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். மார்க் குறைந்தால் அவர்கள் அம்மாக்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.