கெத்துபா: ஒப்பந்தமா, உறுதியா?

யூதத் திருமணத்தில் மணமகன் மணமகளுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் பெயர் கெத்துபா. இன்றைய மணமக்கள் அதைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கண்ணில் படுவது ஓரத்துச் சித்திரம்தான்: பொன் இழை, மாதுளைக் கொடி, எருசலேமின் மதில். நடுவில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு கடன் பத்திரத்தின் வாசகம். தமிழில் இதை ‘திருமண ஒப்பந்தம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சில கெத்துபாக்களுக்கு அது பொருந்தும், பலவற்றுக்குப் பொருந்தாது.

சொல்லின் நேர்ப்பொருள் ‘எழுதப்பட்டது’. க, த, ப என்ற மூன்று மெய்களால் ஆன செமிட்டிய வேரிலிருந்து வருகிறது. அந்த வேர் நமக்கு அந்நியமில்லை. தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் ‘கிதாபு’, பிள்ளைகள் ஓதப்போகும் ‘மக்தப்’ இரண்டும் அரபு வழியாக அதே வேரிலிருந்து வந்தவை. அரபு நாடுகள் பலவற்றில் நிக்காஹ் எழுதுவதையே ‘கத்புல் கிதாப்’ என்கிறார்கள். எபிரேயத்தில் பன்மை ‘கெத்துபோத்’. யூதச் சட்டத்தின் பழந்தொகுப்பான மிஷ்னாவிலும் அதை விரித்துரைக்கும் தல்மூதிலும் அந்தப் பெயரில் ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. நடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பழைய அஷ்கெனாசி உச்சரிப்பில் ‘த’ இடத்தில் ‘ஸ’ ஒலிக்கும் என்பதால் சிலர் ‘கெஸுபா’ என்பார்கள். பெயர் எபிரேயம் என்றாலும் மரபான பத்திரத்தின் வாசகம் அரமேய மொழியில் இருக்கிறது.

வழக்கம் மிகப் பழையது. எகிப்தில் நைல் நதித் தீவான எலிபன்டைனில் வாழ்ந்த யூதப் படைவீரர் குடியிருப்பிலிருந்து கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அரமேய மணப் பத்திரங்கள் பாப்பிரஸ் தாளில் கிடைத்துள்ளன. கி.மு. 449இல் அனனியா என்ற ஆலயப் பணியாளர் தாமெத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை மணந்தபோது எழுதிய பத்திரம் இப்போது புரூக்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கத்தோலிக்க விவிலியம் படித்தவர்களுக்குத் தோபித்து நூல் நினைவுக்கு வரலாம். மகள் சாராவைத் தோபியாவுக்குக் கொடுக்கும் இரகுவேல், ஏடு வரவழைத்து மணப் பத்திரம் எழுதி முத்திரையிடுகிறார். அங்கே எழுதுகிறவர் பெண்ணின் தந்தை. பிற்காலக் கெத்துபாவில் மணமகனின் வாக்கே பத்திரமாகிறது.

அந்த மாற்றம் எப்படி வந்தது என்று தல்மூத் சொல்லும் விவரம் சுவையானது. தொடக்கத்தில் பெண்ணுக்குரிய தொகையை அவளுடைய தந்தை வீட்டில் வைத்தார்களாம். கணவனுக்குக் கோபம் வந்தால் “உன் கெத்துபா அங்கேதானே இருக்கிறது, போ” என்று அனுப்பிவிடுவது சுலபமாயிற்று. பிறகு அதைக் கணவன் வீட்டில் வைத்தார்கள். பணக்காரர்கள் அந்தத் தொகையை வெள்ளிக் கூடையாகவும் பொன் கூடையாகவும் செய்து வைத்தார்கள், ஏழைகள் சிறுநீர்ப் பாத்திரமாகச் செய்து வைத்தார்கள். அப்போதும் “எடுத்துக்கொண்டு கிளம்பு” என்பது நிற்கவில்லை. கடைசியில் கி.மு. முதல் நூற்றாண்டில் சிமியோன் பென் ஷெத்தாக் என்ற அறிஞர், தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டாம், ‘என் சொத்து அனைத்தும் உன் கெத்துபாவுக்குப் பிணை’ என்று கணவன் எழுதித் தரட்டும் என விதித்தார். விவாகரத்து கையிலிருப்பதைக் கொடுத்தனுப்பும் வேலையாக இல்லாமல் சொத்தைப் பிரிக்கும் வேலையாக மாறிற்று. மனைவியைத் தள்ளிவிடுவது ஆணுக்கு அற்பமாகத் தோன்றக் கூடாது என்பதே கெத்துபாவுக்குத் தல்மூத் கூறும் காரணம்.

தொகை என்ன? முதல் மணம் காணும் பெண்ணுக்கு 200 சூஸ், விதவைக்கும் விவாகரத்தானவருக்கும் 100 சூஸ். சூஸ் என்பது ஒரு வெள்ளி நாணயம். 200 சூஸ் கையிலுள்ளவர் வயலில் ஏழைகளுக்கென விட்ட கதிரைப் பொறுக்கக் கூடாது என்று மிஷ்னா சொல்வதால், அது ஒருவர் பிழைக்கப் போதுமான பணமாக இருந்தது என்று கொள்ளலாம். இதோடு பெண் கொண்டுவரும் சீர், மணமகன் தன் விருப்பத்தில் சேர்க்கும் தொகை இரண்டும் எழுதப்படும். “உனக்காக உழைப்பேன், உன்னை மதிப்பேன், உணவும் உடையும் தருவேன்” என்ற வாக்கும் உண்டு. பிணையைச் சொல்லும் இடத்தில் பத்திரம் தயங்குவதே இல்லை: என் தோள்மேல் கிடக்கும் மேலாடை வரை, நான் உயிரோடிருக்கும்போதும் அதற்குப் பின்னும்.

இங்கேதான் ‘ஒப்பந்தம்’ இடறுகிறது. ஒப்பந்தம் என்றால் இருவர் ஒப்பி, இருவரும் கடமை ஏற்க வேண்டும். மரபுக் கெத்துபாவில் கடமை ஏற்பவர் ஒருவரே. மணமகள் கையெழுத்திட வேண்டியதில்லை, பெரும்பாலும் மணமகனும் இடுவதில்லை. சாட்சிகள் முன் ஒரு கைக்குட்டையையோ வேறு சிறு பொருளையோ பிடித்துத் தூக்கிக் கடமையை ஏற்கிறார். அந்தச் செயல் முடிந்ததைக் குறிக்கும் ‘வெகனீனா’ என்ற சொல்லில் ஓர் எழுத்தின் காலை எழுதாமல் விட்டு, அந்த நேரத்தில் இழுத்து முடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். அவர்கள் மணமக்களுக்கோ ஒருவருக்கொருவரோ உறவினராக இருக்கக் கூடாது. பிறகு மணப்பந்தலில், மோதிரம் அணிவித்த பின், ஏழு ஆசிமொழிகளுக்கு முன், உரக்க வாசித்துப் பெண்ணிடம் கொடுக்கிறார்கள். பத்திரம் அவருடைய உடைமை.

இந்த வறண்ட சட்டத் தாளில் சித்திரம் ஏறியது எப்படி? கெய்ரோ தொழுகைக்கூடத்தின் பழஞ்சுவடி அறையான கெனிசாவில் கிடைத்த இடைக்காலத் துண்டுகளிலேயே அலங்காரம் உண்டு. ஆஸ்திரியாவின் கிரெம்ஸ் நகரில் 1391-92இல் எழுதிய சித்திரக் கெத்துபா ஒன்றும் எஞ்சியிருக்கிறது. ஆனால் அஷ்கெனாசி யூதர்கள் பொதுவாக எளிய தாளோடு நிறுத்திக்கொண்டார்கள். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட செபார்திகள் போய்ச் சேர்ந்த இடங்களில்தான் கலை செழித்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் வெனிஸ், அன்கோனா, ரோம் கெத்துபாக்களில் வளைவு வாயில்கள், ராசிச் சின்னங்கள், குடும்ப முத்திரைகள், மணமக்களின் பெயருக்கேற்ற விவிலியக் காட்சிகள் எல்லாம் தோல்தாளில் நிரம்பி வழியும். செலவு அளவுமீறிப் போகவே, சில இத்தாலிய யூத சமூகங்கள் கெத்துபா அலங்காரத்துக்கு உச்சவரம்பு விதித்தன. கல்யாணச் செலவுக்குச் சமூகம் கடிவாளம் போட்டுப் பார்ப்பது எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது போலும்! ஈரானின் இஸ்பஹானில் சிங்கமும் சூரியனும் வரைந்தார்கள். கொச்சியிலும் மும்பையிலும் வாழ்ந்த யூதர்களின் அலங்காரக் கெத்துபாக்களும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அமெரிக்காவில் 1970களில் டேவிட் மாஸ் போன்ற கலைஞர்கள் இதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். இன்று கையெழுத்துக் கலை, நீர்வண்ணம், காகித வெட்டு, லேசர் வெட்டு, நல்ல தாளில் அச்சு என்று எல்லா விலையிலும் கிடைக்கிறது.

தேர்ந்தெடுக்கிறவருக்கு நான் சொல்வேன்: படத்தைப் பிறகு பாருங்கள், வாசகத்தை முதலில் தீர்மானியுங்கள். மணம் நடத்திவைக்கும் ரபியிடம், அதாவது யூத சமய குருவிடம், அவர் எந்த வாசகத்தை ஏற்பார் என்று கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது. பழமை வழுவாத ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரபிக்கு அரமேய வாசகம் வேண்டும். கன்சர்வேட்டிவ் என்ற இடைநிலைப் பிரிவின் மரபில் ‘லீபர்மன் கூறு’ சேர்க்கலாம். கணவன் கெட், அதாவது விவாகரத்துக்கான தள்ளுதற்சீட்டு, கொடுக்க மறுத்து மனைவியை முடக்கிவைக்கும் கொடுமையை எதிர்கொள்ள 1950களில் அறிஞர் சவுல் லீபர்மன் வகுத்தது அது. சீர்திருத்த யூதர்களிடையே இருவரும் சமமாக வாக்களிக்கும் வாசகங்களும், ஒரே பாலினத்தவருக்கும் கலப்பு மணத்துக்கும் உரியவையும் புழங்குகின்றன. இறையியலாளர் ரேச்சல் அட்லர் கெத்துபாவின் சட்ட அமைப்பையே கைவிட்டு, கூட்டாளிகள் சேரும் முறையை ஒட்டி ‘பிரித் அஹூவிம்’, அதாவது அன்பர் உடன்படிக்கை, என்று புதிதாக ஒன்றை முன்வைத்தார்.

பிழைகள் நுழைவது தேதியிலும் பெயரிலும். யூத நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குவதால், மாலை மணத்துக்கு எபிரேயத் தேதி ஒரு நாள் தள்ளிப்போகலாம். பெயர்களைத் தந்தை பெயரோடு எபிரேய எழுத்தில் சரிபார்க்க வேண்டும். கலைஞர்கள் விரும்பும் வெற்றிடமும் சிக்கல்தான். பத்திரத்தின் கடைசி வரிக்கும் சாட்சிக் கையெழுத்துக்கும் இடையே யாரும் எதையும் சேர்க்க இடமிருக்கக் கூடாது, இரண்டு வரி இடைவெளி விட்டாலே யூதச் சட்டத்தில் செல்லாது. எத்தனை கையெழுத்துக் கோடுகள் வேண்டும் என்பதையும் கலைஞரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கெத்துபா தொலைந்தால் தம்பதி அது இல்லாமல் சேர்ந்து வாழக் கூடாது என்பது மரபு. மாற்றுப் பத்திரத்துக்கென்றே தனி வாசகம் இருக்கிறது. சுவரில் மாட்டுகிறவர்கள் வெயில் படாத சுவராகப் பார்க்க வேண்டும்.

தமிழுக்கு வருவோம். பத்திரத்துக்கு ‘முறி’ என்ற அருமையான சொல் உண்டு. ஆனால் ‘மணமுறி’ என்றால் படிக்கிறவர் மணமுறிவு என்றே நினைப்பார், கல்யாண வீட்டுக்கு ஆகாது. தள்ளுதற்சீட்டுக்கு இணையாக ‘மணச்சீட்டு’ சொல்லிப் பார்க்கலாம், ஆனால் இன்று சீட்டு என்றால் ஏலச்சீட்டும் பேருந்துச் சீட்டும்தான். ‘மணப் பத்திரிகை’ அழைப்பிதழாகிவிடும். இலங்கைத் தமிழில் காணிப் பத்திரத்தைக் ‘காணி உறுதி’ என்பார்கள். ஒருவர் எழுத்தில் தந்த வாக்கு, சட்டப்படி செல்லும் ஆவணம் இரண்டையும் ‘உறுதி’ சுமக்கிறது. மரபுக் கெத்துபாவுக்கு ‘மணவுறுதி’யே என் தேர்வு. இருவரும் வாக்களித்துக் கையெழுத்திடும் நவீன வாசகத்துக்கு ‘மண ஒப்பந்தம்’ தாராளமாகப் பொருந்தும். ‘பிரித்’ வந்தால் விவிலியத் தமிழ் ஏற்கெனவே தந்திருக்கும் ‘உடன்படிக்கை’ இருக்கிறது. ஒரு கட்டுரையில் முதல் முறை ‘கெத்துபா என்னும் மணவுறுதி’ என்று எழுதிவிட்டால், பிறகு கெத்துபாவை, கெத்துபாவில் என்று வேற்றுமை சேர்த்துத் தயங்காமல் எழுதிப்போகலாம்.