மங்கோலியாவில் குதிரை ஏறும் முன்

ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு சிறிய குழுவை மங்கோலியாவுக்கு அழைத்துப் போகிறேன். நாடாம் திருவிழா, அதை ஒட்டி ஒரு வாரம் புல்வெளியில் மேய்ப்பர் குடும்பங்களோடு தங்கல். புறப்படும் முன் எல்லோரும் குளிரைப் பற்றிக் கேட்பார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். குதிரையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த வரையில், அங்கே அடிபட்டவர்களில் பெரும்பாலோர் குதிரையிலிருந்து விழுந்தவர்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆர்ஹங்காய் மாகாணத்தில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தூறல் நின்று வெயில் வந்ததும், குழுவில் ஒரு பெண் குதிரை மேல் இருந்தபடியே மழைக்கோட்டைக் கழற்றினார். அந்தப் பிளாஸ்டிக் துணி படபடத்த சத்தத்தில் குதிரை மிரண்டு பாய்ந்தது. அவர் விழுந்தார், தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. எலும்பு மருத்துவரைப் பார்க்கத் தலைநகர் உலான்பாத்தருக்குப் போக வேண்டும். வலியோடு அவர் வேனில் கிடந்த அந்த நாள் முழுவதும் என் மனதில் ஓடியது ஒன்றுதான். குதிரை மேல் உட்கார்ந்து சட்டை கழற்றாதே என்று அந்த வீட்டுப் பெரியவர் காலையிலேயே சொல்லியிருந்தார். அதை ஏதோ நாட்டுப்புறச் சம்பிரதாயம் போல நான் மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து என் பயிற்சி வகுப்பே மாறிவிட்டது. மேய்ப்பர்கள் ‘வழக்கம்’ என்று சொல்வதைப் பாதுகாப்பு விதியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இப்போது என் முதல் பாடம்.

மங்கோலியாவில் மனிதர்களைவிடக் குதிரைகள் அதிகம். ஆனால் அவை லாயத்துக் குதிரைகள் அல்ல. ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் மேய்ந்து, மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரையும் தாங்கி, பாதி காட்டுத்தனத்தோடே வாழ்பவை. உயரம் குறைவாக இருப்பதால் நம்மவர்களுக்குப் பயம் வருவதில்லை, அதுதான் ஆபத்து. இடப்பக்கமாக மட்டுமே ஏறுவது, இறங்குவது. பின்புறமாக நெருங்கவே கூடாது. ‘சூ’ என்றால் கிளம்பிவிடும், அதனால் விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். கேமராப் பை, தொப்பி, துப்பட்டா என்று தொங்குவது, பறப்பது எதுவும் வேண்டாம். குதிரை மேல் இருந்து செல்ஃபி கூடவே கூடாது.

இனி வீடு. அவர்கள் வசிக்கும் வட்டமான கம்பளிக் கூடாரத்துக்குக் ‘கெர்’ என்று பெயர். வாசல் தெற்குப் பார்த்திருக்கும், நடுவில் அடுப்பு, எதிரே வடக்கில் மரியாதைக்குரிய இடம், விருந்தாளிக்கு மேற்குப் பக்கம். கெர்ரை நெருங்கும்போது ‘நோகோய் ஹோர்’ என்று உரக்கச் சொல்வார்கள். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். யாராவது வெளியே வரும் வரை வண்டியிலிருந்தே இறங்க மாட்டார்கள். ஓநாயை விரட்டப் பழகிய நாய்கள் அவை, வெறிநாய்க்கடி நோயும் அந்த நாட்டில் உண்டு. தடுப்பூசியைப் பயணத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கடித்த பிறகு மருந்து தேடி ஓட அங்கே தெருமுனையில் ஆஸ்பத்திரி இல்லை.

உள்ளே நுழையும்போது நிலைப்படியை மிதிக்கக் கூடாது. நடுவில் கூரையைத் தாங்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே புகுந்து போகக் கூடாது, எதையும் கைமாற்றவும் கூடாது. அடுப்பில் குப்பை போடுவதோ அதை நோக்கிக் கால் நீட்டுவதோ அவமரியாதை. கொடுப்பதை வலக்கையால், இடக்கையை முழங்கைக்கு அடியில் தாங்கியபடி வாங்க வேண்டும். இதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களிடம் வளர்ந்தவர்களுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

முதலில் வருவது உப்புப் போட்ட பால் தேநீர். கொதிக்கவைத்தது, தாராளமாகக் குடிக்கலாம். அடுத்து வருவதில்தான் கவனம் வேண்டும். கோடையில் பெட்டைக் குதிரையின் பாலைத் தோல்பையில் ஊற்றி, ஆயிரக்கணக்கான முறை கடைந்து புளிக்கவைப்பார்கள். அதன் பெயர் அய்ராக், லேசான புளிப்பு, கொஞ்சம் போதை. அதைச் செய்யும் மரபை யுனெஸ்கோ 2019-ல் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது காய்ச்சாத பால். கால்நடைகளிடமிருந்து பரவும் புரூசெல்லோசிஸ் காய்ச்சல் மங்கோலியாவில் நீண்டகாலப் பிரச்சினை, காய்ச்சாத பால் அது பரவும் வழிகளில் ஒன்று. அதனால் கிண்ணத்தை மரியாதையாக வாங்கி, உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்பேன். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, வாங்க மறுத்தால்தான் வருத்தம். ஊர் திரும்பி வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், மங்கோலியா போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நாடாம் ஜூலை 11-ல் தொடங்கும். 1921 புரட்சியின் நினைவு நாளும் அதுவே. மல்யுத்தம், வில்வித்தை, குதிரைப் பந்தயம் மூன்றும்தான் அதன் உயிர். மல்யுத்தத்தில் எடைப் பிரிவே கிடையாது, ஒல்லியானவருக்கு மலைபோல் ஒருவர் எதிரே வந்து நிற்கலாம். வென்றவர் கழுகு போலக் கைவிரித்து ஆடுவார், தோற்றவர் அவர் கைக்குக் கீழே புகுந்து போவார். பட்டங்களைக் கேட்டால் நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வல்லூறு, யானை, சிங்கம் என்று போகும், நடுவே ‘கரிட்’ என்று ஒன்று. அது நம் கருடன்தான், பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தது.

குதிரைப் பந்தயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் மனம் திறந்து பேச வேண்டும். குதிரையின் வயதைப் பொறுத்துப் பத்து கிலோமீட்டருக்கு மேல் தொடங்கி இருபதைத் தாண்டும் தூரம், ஓட்டுபவர்கள் குழந்தைகள். குறைந்தபட்ச வயது 7 என்கிறது சட்டம். கடைசியாக வரும் இரண்டு வயதுக் குட்டிக்கும் அடுத்த முறை முந்தி வா என்று வாழ்த்துப் பாடும் அழகான பண்பாடு அது. அதே பந்தயத்தில் குழந்தைகள் விழுகிறார்கள், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணையமே இதைப் பற்றிப் பேசிவருகிறது. ஹெல்மெட், இன்சூரன்ஸ் போன்ற விதிகள் வந்தது அப்படித்தான். மரபு என்பதற்காக நான் இதில் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன், வெளியூர்க்காரனாகப் போய் அவர்களுக்குப் பாடம் நடத்தவும் மாட்டேன். என் கையில் இருப்பதை மட்டும் செய்கிறேன். சுற்றுலாக் குழுக்களுக்காகத் தனியாகச் சின்ன நாடாம் நடத்திக் காட்டுவார்கள். அதில் குழந்தைகளின் பந்தயம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வில்வித்தையும் மல்யுத்தமும் போதும். ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து ஆடும் ஷகாய் விளையாட்டைக் கற்றுக்கொள்ளக் கேளுங்கள். எலும்பு விழும் பக்கத்தைப் பார்த்துக் குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்பார்கள். பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லித்தருவார்கள். பெரிய நாடாமில் பந்தயம் பார்க்கப் போனால் முடிவுக்கோட்டுப் பக்கம் கேமராவோடு முண்டியடிக்காதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். களைத்து வரும் குதிரை மிரண்டால் விழப்போவது மேலே இருக்கும் குழந்தை.

பயணத்தை ஏற்பாடு செய்பவரிடம் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். உங்கள் தலை அளவுக்கு ஹெல்மெட் இருக்கிறதா? எத்தனை பேருக்கு ஒரு குதிரைக்காரர் கூட வருவார்? ஆபத்து நேரத்தில் பேசச் சாட்டிலைட் போன் உண்டா? அப்புறம் உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை நீங்களே எடுத்துப் படியுங்கள். குதிரை சவாரியை விலக்கிவைக்கும் பாலிசிகள் உண்டு, அதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.