தொழிலே தொகுதி: உல்ம் நகரின் கைவினைஞர் ஆட்சி

தொகுதி என்றால் நமக்கு நிலம்தான் நினைவுக்கு வரும். இந்தத் தெருவிலிருந்து அந்த வாய்க்கால் வரை என்று கோடு கிழித்துவிடுவார்கள். தென் ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள உல்ம் நகரில் 14-ஆம் நூற்றாண்டில் கோடு விழுந்தது தொழிலை வைத்து. ரொட்டி சுடுபவர் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் ரொட்டிக்காரர் சங்கத்து ஆள். நகர ஆட்சியில் அவருடைய குரல் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் போகும்.

ஜெர்மன் மொழியில் ‘ட்சுன்ஃப்ட்’ எனப்பட்ட இந்தச் சங்கங்கள் 17 இருந்தன. எண்ணிக்கை குறைவான தொழில்காரர்களைத் தனியே விடாமல், பெரிய சங்கம் ஒன்றோடு சேர்த்துவிட்டார்கள். பயிற்சிப் பையனாகச் சேர்ந்து, கூலிக்கு வேலை செய்து, கடைசியில் மாஸ்டர் ஆனவருக்கே முழு உரிமை. மாஸ்டரின் மகனுக்குக் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும். எங்கும் உள்ள கதைதான்.

சங்கத்தின் பலம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உல்மின் பெருமை பார்ஹென்ட் என்ற துணி. பாவு (நீள இழை) லினன் நூல், ஊடை (குறுக்கு இழை) பருத்தி. லினனுக்கான ஆளிச் செடி சுற்றுவட்டாரத்திலேயே விளைந்தது. பருத்தி, மத்தியதரைக் கடல் தாண்டி வெனிஸ் வழியாக, ஆல்ப்ஸ் மலை ஏறி வந்தது. தறியிலிருந்து இறங்கிய துணி நேராகச் சந்தைக்குப் போக முடியாது. பரிசோதனை மேசையில் அதை விரித்து, தரம் பிரித்து, முத்திரை குத்துவார்கள். காளை, சிங்கம், திராட்சைக் குலை, கடிதம் என நான்கு முத்திரைகள். காளைதான் உசத்தி, கடிதம் கடைசி. தூரதேசத்து வியாபாரிக்கு நெய்தவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. காளையைப் பார்த்தால் போதும், மூட்டையைப் பிரிக்காமலே விலை பேசலாம். நகரத்தின் பெயரும் பணமும் நெசவாளரின் விரலில் தொங்கின என்றே சொல்லலாம். உலகை ஆள்பவை என்று வெனிஸின் வலிமை, இன்னொரு தென் ஜெர்மன் நகரமான ஆக்ஸ்பர்க்கின் ஆடம்பரம் என்று அடுக்கிக்கொண்டே போகும் பழைய ஜெர்மன் வாய்மொழிப் பாட்டு ஒன்று, ‘உல்மின் பணம்’ என்றுதான் முடிகிறது.

இப்படிச் சம்பாதித்துக் கொடுத்து, மதில் காவலுக்கும் முறை வைத்து நின்றவர்கள், ‘ஆட்சி மட்டும் பழைய பணக்காரக் குடும்பங்களுக்கா?’ என்று கேட்காமல் இருப்பார்களா? பல பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு, 1397-இல் நகர ஆட்சிக்கான விதிகளைச் சொல்லும் ‘பெரிய உறுதிமொழிப் பத்திரம்’ எழுதப்பட்டது. நகரத்தை ஆளும் பெருமன்றத்தில் சங்கங்களுக்கு 30 இடம், உயர்குடியினருக்கு 10. அந்த 10 பேரும் உட்காரலாம், ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்கள் வகுப்புக்குக் கிடையாது! ஆண்டுக்கு ஒருமுறை நகரத் தலைவர் மக்கள் முன் கணக்குச் சொல்லி, சத்தியம் செய்ய வேண்டும்: பொதுவான, நேர்மையான எல்லாக் காரியங்களிலும், பணக்காரருக்கும் ஏழைக்கும் வேறுபாடு பார்க்காத பொது மனிதனாக இருப்பேன் என்று.

இதை மக்களாட்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கூலித் தொழிலாளர், பெண்கள், வேலையாட்கள் எல்லோரும் வெளியேதான் நின்றார்கள். சங்கத்துக்குள்ளும் வசதி படைத்த மாஸ்டரின் பேச்சுக்குத்தான் எடை அதிகம். ஆனாலும் கையில் காப்புக் காய்ச்சிய ஒருவன் மன்றத்தில் உட்கார்ந்து வரியைப் பற்றிப் பேசுவது அந்தக் காலத்து ஐரோப்பாவில் சின்ன விஷயமில்லை. பக்கத்து நியூரம்பர்க்கில் 1348-இல் கைவினைஞர் கலகம் செய்து, அடுத்த ஆண்டே தோற்றார்கள். அங்கே தொழில்களை மன்றமே கையில் வைத்துக்கொண்டது. சங்கம் வைக்கவே அனுமதி இல்லை.

உல்மில் இந்த ஏற்பாடு 1548 வரை தாங்கியது. சீர்திருத்த கிறிஸ்தவ (புராட்டஸ்டன்ட்) அணியைப் போரில் வென்ற பேரரசர் ஐந்தாம் சார்லஸ், அந்த அணியில் இருந்த உல்மிலும் ஆக்ஸ்பர்க்கிலும் சங்க ஆட்சியைக் கலைத்து, உயர்குடிக் குடும்பங்களிடம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மற்ற நகரங்களிலும் இந்த வேலையைச் செய்து முடிக்க அவர் அனுப்பிய அதிகாரியின் பெயர் ஹாஸ். முயலுக்கு ஜெர்மனில் ‘ஹாஸே’. புது மன்றங்களுக்கு ‘முயல் மன்றம்’ என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

உறுதிமொழி மட்டும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. இன்றும் ஜூலை மாதத்தின் கடைசிக்கு முந்தைய திங்கட்கிழமை, உல்ம் மேயர் உறுதிமொழி இல்லத்தின் மாடத்தில் நின்று ஆண்டுக் கணக்கை ஒப்பித்து, அதே 1397-ஆம் ஆண்டு வாசகத்தைச் சொல்லிச் சத்தியம் செய்கிறார். தேவாலயத்தின் உறுதிமொழி மணி ஒலிக்கிறது. மதியத்துக்கு மேல் ஊரே டான்யூபில் படகும் கட்டுமரமுமாக இறங்கி, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு மிதக்கிறது.