சாயத்தொட்டி உப்பும் திருப்பூரின் தொழில் கணக்கும்

ஒரு கிலோ பருத்தித் துணிக்குக் கருநீலச் சாயம் ஏற்ற எவ்வளவு உப்பு வேண்டும்? துணியை உருளையில் சுற்றிச் சுற்றிச் சாயநீரில் முக்கும் பழைய விஞ்ச் தொட்டியில் என்றால் துணியின் எடையையே தாண்டிவிடும். கிலோவுக்கு 20 லிட்டர் தண்ணீர், அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் 1.6 கிலோ வருகிறது. தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருக்கும். சாய மூலக்கூறுக்கும் அதே நெகட்டிவ் மின்னூட்டம்தான், அதனால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு இடையில் புகுந்து அந்தத் தள்ளுவிசையை அடக்குகிறது, சாயம் இழையை நெருங்குகிறது. அப்புறம் சோடா சாம்பல் சேர்த்ததும் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதில் உப்பு செலவாவதே இல்லை. போட்ட உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே போய்விடும்.

வணிகச் சூழல் ஒரு நிறுவனத்தின் போக்கை எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்டால், நிர்வாகவியல் பாடநூல்கள் அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம் என்று கட்டம் போட்டுக் காட்டும். எனக்கு அந்தக் கட்டங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. திருப்பூரில் இந்த உப்பு போன வழியைப் பார்த்தால் விஷயம் இன்னும் நன்றாக விளங்கும்.

பனியன் ஏற்றுமதி வளர வளர, சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. கிணறுகள் உப்பேறின, வயல்கள் கெட்டன. பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஒருவர் மட்டும் பணம் போட்டுச் சுத்திகரித்தால் அவர் கேட்கும் சாயக்கூலி ஏறும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். செலவு கீழ்ப்பாசன விவசாயியின் தலையில் விழும்வரை பட்டறையின் கணக்குப் புத்தகத்தில் உப்புக்கழிவு என்று ஒரு வரியே கிடையாது. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பாலும் பயனில்லை. பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைத் தின்னும், ஆனால் கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. அது முழுதாக நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. துணி லாரி ஏறி வெளி மாவட்டங்களுக்கும் லூதியானா வரைக்கும் சாயத்துக்குப் போய் வந்தது. ஷிப்மென்ட் தேதி தவறியது, வேலையில்லாத தொழிலாளர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

இதற்குப் பிறகு உப்பின் கணக்கே வேறு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அங்கே உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த நீர், உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகள் வழியே அழுத்தி அனுப்பப்படுகிறது. பெரும்பகுதி நல்ல நீராகச் சாயப்பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்புநீர்தான் தலைவலி, அதை ஆவியாக்கியாக வேண்டும். கொதிநிலைக்கு வந்துவிட்ட ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும், கரண்டில் சொன்னால் 0.6 யூனிட்டுக்கும் மேல். எழுந்த ஆவியையே மறுபடி அழுத்தி அதன் வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கும் இயந்திரங்கள் இந்தச் செலவை நன்றாகக் குறைக்கும், என்றாலும் செலவே இல்லாமல் ஆக்க முடியாது.

இனி தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் வெளியே போகும்போது ஒரு விலை உண்டு. அதனால்தான் கிலோவுக்கு 6 லிட்டரில் வேலையை முடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்துக்கு மதிப்பு வந்தது. முன்பு சொன்ன அதே 80 கிராம் கணக்கில் உப்பு 1.6 கிலோவிலிருந்து 480 கிராமாக இறங்கிவிடுகிறது. அந்த இயந்திரம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. தண்ணீரைத் தூக்கி ஆற்றில் விட முடிந்த காலத்தில், அவ்வளவு முதல் போட்டு வாங்க சின்னப் பட்டறைக்குக் காரணம் இருக்கவில்லை. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னொன்றையும் செய்து பார்த்தார்கள். உப்புநீர் முழுவதையும் ஆவியாக்காமல், அதில் உள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு அடுத்த சாயத்துக்கே பயன்படுத்தினார்கள். சாயத்துக்கு எப்படியும் உப்புநீர்தானே வேண்டும்! கழிவு கச்சாப்பொருளாகிவிட்டது.

கடுமையான சுற்றுச்சூழல் விதிகள் நிறுவனங்களைப் புதுமைக்குத் தள்ளி, கடைசியில் அவற்றையே வலுவாக்கும் என்று நிர்வாகவியல் அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1990களில் ஒரு கருத்தை முன்வைத்தார். திருப்பூரைக் காட்டி இதை மெய்ப்பிக்கலாம் என்று தோன்றும். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். இன்று சுத்தமாக ஓடும் ஆலைகளைப் பார்த்துக் கணக்குப் போட்டால் மிஞ்சியவர்களை மட்டும் எண்ணுகிறோம் என்று பொருள். மூடிய பட்டறைகள் அந்தக் கணக்கில் வராது.

யார் மிஞ்சினார்கள் என்பதுதான் சுவையான கேள்வி. திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்துவது), பிரிண்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங் என்று பல கை மாறும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு முதலாளி, எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் சரக்குக்குக் கூலிக்குச் செய்யும் வேலை. சீசனுக்குச் சீசன் ஆர்டர் ஏறி இறங்கும் ஃபேஷன் சந்தைக்குக் கச்சிதமான அமைப்பு இது. ஆர்டர் இல்லாத மாதத்தில் எல்லா இயந்திரத்தின் பாரத்தையும் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. ஆனால் இதே சின்ன உருவம் சவ்வும் ஆவியாக்கியும் வாங்கும்போது காலை வாரியது. பெரிய ஆலைகள் தனி நிலையம் கட்டிக்கொண்டன. சிறியவர்கள் கூட்டாகப் பங்கு போட்டார்கள், முடியாதவர்கள் வெளியேறினார்கள். ஒரு சூழலுக்குப் பொருந்திய அமைப்பு அடுத்த சூழலில் பாரமானது.

அமெரிக்க நிறுவனங்களின் 1981 முதல் 1994 வரையிலான லாபத்தை ஆராய்ந்து அனிதா மெகஹானும் போர்ட்டரும் 1997-இல் வெளியிட்ட முடிவும் இங்கே பொருந்துகிறது. லாப வேறுபாட்டில் சுமார் 19 சதவீதத்தை அவை எந்தத் தொழிலில் இருக்கின்றன என்பது விளக்கியது. அந்தந்த வணிகப் பிரிவுக்கே உரிய காரணங்கள் 32 சதவீதத்தை விளக்கின. ஒரே தொழிலில் இருப்பவர்களும் ஒரே மாதிரி சம்பாதிப்பதில்லை.

சூழலின் எல்லா அடிக்கும் ஆலைக்குள் மருந்து கிடைக்காது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த உலக ஜவுளி கோட்டா முறை 2004-உடன் முடிந்தபோது விலையும் வேகமும் பார்த்துச் சமாளிக்க முடிந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது எந்த இயந்திரமும் அதைக் குறைத்துவிட முடியாது என்பது தெரிந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சந்தையை மாற்றுவதுதான் வழி, ஆனால் புதிய பையர் சாம்பிள் பார்த்து, தொழிற்சாலைத் தணிக்கை முடித்து, சோதனை ஆர்டர் கொடுத்து நம்பிக்கை வைக்க மாதங்கள் ஆகும். ஐரோப்பிய பையர்களோடு ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த கம்பெனி அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுப் பார்க்கலாம். பத்துப் பவர் டேபிள் (மின் தையல் மேசை) வைத்துத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்காரருக்கோ, தான் தைத்த சட்டை எந்த நாட்டுக்குப் போகிறது என்பதே பல நேரம் தெரியாது. ஆர்டர் நின்றதும் அவர் செய்யக்கூடியது, வேறு கம்பெனியில் பீஸ் இருக்கிறதா என்று கேட்டு அலைவது மட்டும்தான்.