ஒப்பந்தத் தொகையும் முழங்கை ஜவ்வும்

நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பாலின் கோப்பைத் தொடரான உலகத் தொடர் முடிந்துவிடும். அடுத்த ஆட்டத்துக்கு மார்ச் கடைசிவரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் செய்வது ஒன்றுதான்: நம் அணி யாரை எடுத்தது, யாரை விட்டது, எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு கொடுத்தது, பொது மேலாளருக்கு விவரம் இருக்கிறதா இல்லையா என்று ஓயாமல் விவாதிப்பது. வாஷிங்டன் பகுதியில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் எனக்கு அந்தப் பேச்சு தினமும் காதில் விழுகிறது. என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் பந்தெறிந்து கையைக் கெடுத்துக்கொண்ட பள்ளி, கல்லூரி மாணவர்கள். அவர்களும் அவர்களுடைய தந்தையரும் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ரசிகர்கள். பயிற்சி நடக்கும்போது பேச்சு எப்படியும் அந்த அணியின் முன்னாள் பந்தெறிபவர் ஸ்டீஃபன் ஸ்டிராஸ்பர்க்கிடம் வந்து நிற்கும்.

அவரைப் பற்றி இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. 2012இல் அணி அவரைப் பொத்திப் பொத்தி வைத்துக் கோப்பையைக் கோட்டைவிட்டது என்பது ஒன்று. 2019இல் அவருக்குக் கொடுத்த 24.5 கோடி டாலர் வீண் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே காயம் என்றால் என்ன என்று புரியாததால் வரும் பேச்சு என்பது என் உறுதியான கருத்து. மேலாளர்களுக்கு வக்காலத்து வாங்க எழுதவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகளின் கைகள் என் மேசைக்கு வருகின்றன என்பதால் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2009 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஸ்டிராஸ்பர்க், 2010 ஜூன் 8 அன்று தன் முதல் ஆட்டத்திலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் 14 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அவருடைய பந்து மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. அதே ஆகஸ்டில் முழங்கையின் உட்புற ஜவ்வு கிழிந்தது. செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. 2011இன் பெரும்பகுதி மீள்வதிலேயே கழிந்தது. 2012இல் நேஷனல்ஸ் 98 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அந்த நிலையில், செப்டம்பரில், 159⅓ இன்னிங்ஸ் (மூன்று பேரை வெளியேற்றினால் ஓர் இன்னிங்ஸ்) எறிந்திருந்த ஸ்டிராஸ்பர்க்கைப் பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ நிறுத்திவைத்தார். அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு எதிரான நாக் அவுட் தொடரின் கடைசி, ஐந்தாவது ஆட்டத்தில் 6–0 என்று முன்னிலையில் இருந்த நேஷனல்ஸ் 9–7 என்று தோற்றது. அந்த இரவை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

நிறுத்தியது சரியா? 160 இன்னிங்ஸ் பாதுகாப்பு, 180 ஆபத்து என்று கோடு போட எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் புதிதாக ஜவ்வு பொருத்திய கையை முதல் முழு ஆண்டிலேயே எல்லைவரை இழுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையில் தவறில்லை. விவாதத்தில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2010இல் பொருத்திய அந்த ஜவ்வு அவர் ஓய்வு பெறும்வரை மீண்டும் கிழியவில்லை. அணி எதைக் காக்க நினைத்ததோ அது நிலைத்தது. 2012இன் ஓய்வால்தான் நிலைத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஓய்வு வீண் என்று மற்றவர்களாலும் நிரூபிக்க முடியாது. 2019இல் அதே கையால் உலகத் தொடரின் இரண்டாவது, ஆறாவது ஆட்டங்களை வென்று தொடரின் சிறந்த வீரரானார்.

அந்த வெற்றி முடிந்த சில வாரங்களில் நேஷனல்ஸ் அவரை ஏழு ஆண்டுக்கு 24.5 கோடி டாலருக்குத் தக்கவைத்தது. அவரையும் மூன்றாம் பேஸ் வீரர் அந்தோனி ரெண்டனையும் ஒருசேர வைத்திருக்கப் பணம் போதாது என்று உரிமையாளர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ரெண்டன் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார், அதுவும் ஏழு ஆண்டு, அதே 24.5 கோடி. அந்தக் குளிர்காலம் முழுவதும் இங்கே ஒரே சண்டை. ‘பந்தெறிபவனின் கை எப்போது வேண்டுமானாலும் போகும், பேட்டரை வைத்துக்கொள்ள வேண்டும்’ என்றவர்களே அதிகம்.

ஸ்டிராஸ்பர்க் அந்த ஒப்பந்தத்தில் எறிந்தது எட்டு ஆட்டங்கள், 31⅓ இன்னிங்ஸ். 2024 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். ஆனால் ரெண்டனும் ஏஞ்சல்ஸ் அணியில் எந்த ஆண்டிலும் 58 ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. வழக்கமாக ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள், 2020இல் மட்டும் 60. 2025இல் இடுப்பு அறுவை சிகிச்சையால் ஒரு நாள்கூடக் களம் இறங்கவில்லை. அதே நேஷனல்ஸ் 14 கோடி டாலருக்கு எடுத்த பந்தெறிபவர் பேட்ரிக் கார்பினோ, 2021 முதல் 2024 வரை ஆண்டுக்கு 31 ஆட்டங்களுக்குக் குறையாமல் முதல் பந்தெறிபவராகத் தொடங்கினார். நிறையத் தோற்றார் என்பது உண்மை. உடல் அவரைக் கைவிடவில்லை. யார் உடல் தாங்கும், யார் உடல் தாங்காது என்று 2019 டிசம்பரில் பந்தயம் கட்டியிருந்தால் ரெண்டன், கார்பின் இருவர் விஷயத்திலும் இவ்வூரில் பெரும்பாலோர் தோற்றிருப்பார்கள்.

‘பணம் வந்ததும் சோம்பேறியாகிவிட்டான்’ என்ற பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. ஸ்டிராஸ்பர்க்கை முடித்தது முழங்கை அல்ல. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. கைக்குப் போகும் நரம்புகளும் இரத்தக்குழாய்களும் அதன் வழியாகத்தான் போகின்றன. அது நெருக்கப்பட்டால் கை மரத்துப்போகும், விரல்களுக்குப் பந்தின் பிடி தெரியாது, தோள் வலு இழக்கும். தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று பெயர். இதற்கான அறுவை சிகிச்சையில் ஒரு விலா எலும்பையே எடுக்க வேண்டியிருக்கும். 2021இல் அவருக்கு அது நடந்தது. 2022 ஜூனில் ஒரே ஓர் ஆட்டம் எறிந்து பார்த்தார். விலா எலும்புகள் தாங்கவில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சட்டைப் பொத்தான் போடவே சிரமப்படுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். உலகத் தரத்தில் பந்தெறிய முடியவில்லை என்பதற்காக ஒருவரைச் சோம்பேறி என்பது அநியாயம்.

முழங்கைக்கு வருவோம். முழுவேகத்தில் எறியும்போது முழங்கையின் உட்புறத்தில் விழும் முறுக்குவிசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர் என்று அலபாமாவிலுள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களில் கணக்கிட்டார்கள். இறந்தவர்களின் கைகளில் அந்த ஜவ்வைச் சோதித்தபோது அதில் ஏறத்தாழ பாதி விசையிலேயே அது அறுந்தது. அப்படியானால் ஒவ்வொரு பந்திலும் ஏன் கிழிவதில்லை? முன்கைத் தசைகள் சுமையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தசை களைத்துவிட்டால் அந்தப் பங்கும் ஜவ்வின் மேலேயே விழுகிறது. தாம்புக்கயிறு போல இழை இழையாக அறுந்துகொண்டே வந்து ஒரு நாள் விட்டுவிடும். அந்தக் கடைசிப் பந்தைத்தான் ரசிகர்கள் பார்க்கிறார்கள்.

கிழிந்த ஜவ்வுக்குப் பதில் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு தசைநாணை எடுத்துப் பொருத்தும் சிகிச்சையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974 செப்டம்பரில் முதன்முதலில் பந்தெறிபவர் டாமி ஜானுக்குச் செய்தார். ஜான் மீண்டு வந்து 1989வரை எறிந்தார். 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை. அந்தக் கதை பெருமைக்குரியது. ஆனால் அதிலிருந்து ஒரு தீங்கான நம்பிக்கையும் பிறந்துவிட்டது: இந்தச் சிகிச்சை செய்தால் கை முன்னைவிட வலுவாகும் என்று. நல்ல கையையே அறுத்துக்கொள்ளலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். கூடாது. சிகிச்சைக்குப் பின் சிலருக்கு வேகம் கூடினால், அது ஓர் ஆண்டுக்கும் மேல் ஒழுங்காகச் செய்த உடற்பயிற்சியின் பலன். மீளவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி வராது.

அணிகளுக்கு இதெல்லாம் தெரியும். 2022 டிசம்பரில் பேட்டர் கார்லோஸ் கொரேயாவை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 13 ஆண்டுக்கு 35 கோடி டாலருக்கு எடுக்க ஒப்புக்கொண்டது. அறிமுகக் கூட்டம் நடக்கவிருந்த நாளில் மருத்துவப் பரிசோதனையால் அது நின்றது. உடனே நியூயார்க் மெட்ஸ் 12 ஆண்டுக்கு 31.5 கோடி என்றது. அதுவும் பரிசோதனையில் நின்றது. 2014இல் உலோகத் தகடு வைத்த வலது கணுக்கால்தான் காரணம். கடைசியில் மினசோட்டா ட்வின்ஸ் ஆறு ஆண்டுக்கு 20 கோடிக்கு எடுத்தது. ரசிகர்கள் ‘கோழைகள்’ என்று திட்டினார்கள். அந்த மருத்துவர்கள் சொன்னது, இன்றைக்கு ஆட முடியாது என்பதல்ல. பத்தாவது ஆண்டுக்கு உறுதி சொல்ல முடியாது என்பது. ஒரே கணுக்காலுக்கு ஆறு ஆண்டு நியாயமாகவும் 13 ஆண்டு அநியாயமாகவும் இருக்க முடியும். ஓர் ஒப்பந்தத்தை எடைபோட விரும்புகிறவர்கள் தொகைக்கு முன் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள், வீரரின் வயதைப் பாருங்கள், பந்தெறிபவரானால் முந்தைய மூன்று ஆண்டுகளில் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார் என்று பாருங்கள்.

அவசரத் தீர்ப்பும் வேண்டாம். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 18.5 கோடி டாலருக்கு எடுத்த பந்தெறிபவர் ஜேக்கப் டிகிராம், 2023இல் ஆறே ஆட்டங்களில் கை போய் இரண்டாவது முறை அறுவை சிகிச்சைக்குப் போனார். பணம் பாழ் என்றார்கள். 2025இல் 30 ஆட்டங்கள் தொடங்கினார்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் 2024 டிசம்பரில் பந்தெறிபவர்களின் காயங்கள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவது, ஒவ்வொரு பந்தையும் முழுபலத்தோடு எறிவது, ஓய்வுக் காலத்திலும் கடுமையாக எறிந்து பழகுவது ஆகியவற்றை அது காரணங்களாகச் சுட்டியது. டிசம்பரிலும் ஜனவரியிலும் பந்தெறிபவர்கள் வேகக் கருவி முன் எறியும் வீடியோக்கள் வருகின்றன. ‘பார், இப்போதே 98 மைல்’ என்று பெரியவர்கள் மகிழ்கிறார்கள், அவருக்கு இன்னும் கொடுக்கலாம் என்கிறார்கள். அதே வாரம் பதினான்கு வயதுப் பிள்ளை உள்ளரங்கத்தில் அதையே செய்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான். குளிர்காலம் அவன் கை ஆறுவதற்கான காலம்.

மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014இல் கொண்டுவந்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டி 11, 12 வயதினருக்கு ஒரு நாளைக்கு 85 பந்துகள், 13 முதல் 16 வயதுவரை 95 என்று எல்லை வைக்கிறது. 12 வயதுவரை ஆண்டில் நான்கு மாதம் எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அலபாமா நிறுவனத்தைச் சார்ந்த 2006 ஆய்வு ஒன்றில், கை களைத்த நிலையில் வழக்கமாக எறியும் இளைஞர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் போகும் ஆபத்து 36 மடங்கு என்று தெரிந்தது. இரண்டு அணிகளில் ஒரே பருவத்தில் ஆடும் பிள்ளைக்கு இரண்டு பயிற்சியாளர்களும் தனித்தனியாகத்தான் பந்தை எண்ணுவார்கள். கூட்டிப் பார்க்க வேண்டியவர் பெற்றோர்தான்.

முழங்கையின் உட்புறத்தில் தொட்டால் வலி, எறிந்த மறுநாளும் கையை முழுதாக நீட்ட முடியாமை, சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் மரத்துப்போதல், காரணமின்றி வேகமோ குறியோ குறைதல்: இவற்றில் எது தெரிந்தாலும் எறிவதை அன்றே நிறுத்துங்கள். வலி மாத்திரை கொடுத்து ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் ஜவ்வுக்கு முன் வளர்ச்சித் தகடு, அதாவது எலும்பு முனையிலுள்ள வளரும் குருத்தெலும்பு, விலகக்கூடும். அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும். விளையாட்டு மருத்துவரிடம் போகும்போது கடந்த இரண்டு மாதங்களில் பிள்ளை எந்தெந்த நாளில் எத்தனை பந்து எறிந்தான் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் படத்தைவிட அந்தக் காகிதம் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.